நோற்றல்: நாம் மறந்துபோன ஒரு வினைச்சொல்

தவக்காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ‘நோன்பு’. “இன்று நோன்பு இருக்கிறேன்” என்கிறோம். “நோற்கிறேன்” என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. பெயர்ச்சொல் வாழ்கிறது; அதைப் பெற்றெடுத்த வினைச்சொல் நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. இஸ்லாமியச் சகோதரர்களின் எழுத்தில் ‘நோன்பு நோற்றல்’ என இன்றும் அதைக் காண்கிறோம். அச்சொல்லின் பொருளை அறிந்தால் நாம் இருக்கும் நோன்பின் பொருளும் தெளிவாகும்.

சொல்லின் பொருள்

‘கல்’ என்பதிலிருந்து கற்றான், கற்பான் என வருவதுபோல, ‘நோல்’ என்னும் வேரிலிருந்து நோற்றான், நோற்பான் என வரும். தாங்குதல், பொறுத்துக்கொள்ளுதல், தவம் செய்தல் ஆகியவை இதன் பொருள்கள். வலிமையையும் பொறுமையையும் குறிக்கும் ‘நோன்மை’ இதன் உறவுச் சொல். உணவை விடுதல் என்பது இச்சொல்லுக்குள் தானாக அடங்கிவிடவில்லை. அதனால்தான் ‘உண்ணாநோன்பு’ என்று ‘உண்ணா’வைத் தனியே சேர்த்துச் சொல்கிறோம். 1956 ஆம் ஆண்டு விருதுநகரில், தமிழ்நாடு என்ற பெயர் முதலான கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் மேற்கொண்டு உயிர்நீத்த போராட்டத்தை நாம் அச்சொல்லாலேயே குறிக்கிறோம்.

ஆங்கிலத்திலும் இதே நிலைதான். நோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ என்னும் சொல், உறுதியாகப் பற்றி நிற்றல் என்ற பழைய பொருளிலிருந்து பிறந்தது.

வள்ளுவர் காட்டும் வரிசை

திருக்குறளில் இவ்வினைச்சொல் பல இடங்களில் வருகிறது. தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறள் (261), தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்கிறது. பொறையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (160) ‘நோற்பார்’ என்ற சொல் இருமுறை வருகிறது. ஒருவர் உண்ணாமல் நோற்பவர். மற்றவர் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லை நோற்பவர். முதலாமவர் பெரியவர்தாம், ஆனால் இரண்டாமவருக்கு அடுத்த இடமே அவருக்கு. இல்லறத்தை அறவழியில் நடத்துபவரின் வாழ்க்கை, தவம் செய்வோரின் நோன்பையும் விட நோன்மை உடையது என்று 48 ஆம் குறள் கூறுகிறது. குடும்பத்தாராகிய நமக்கு இது பெரும் ஆறுதல் அல்லவா!

ஆண்டாளின் ஊரில்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைகளின் நீரை நம்பி உழவர்கள் வாழும் வத்திராயிருப்புப் பகுதிக்கு அருகிலுள்ளது திருவில்லிபுத்தூர். 8 அல்லது 9 ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஆண்டாளின் ஊர் அது. அவர் பாடிய திருப்பாவையின் 30 பாடல்களும் மார்கழி மாதத்துப் பாவை நோன்பைப் பற்றியவை. பத்தாம் பாடல் ‘நோற்று’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. இரண்டாம் பாடல் நோன்பின் ஒழுங்குகளைக் கூறுகிறது: நெய்யும் பாலும் இல்லை, கண்ணுக்கு மையும் கூந்தலுக்குப் பூவும் இல்லை. அத்துடன் அது நிற்கவில்லை. புறங்கூறக் கூடாது, இயன்றவரை பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. அந்த நோன்பின் பயனாக மூன்றாம் பாடல் சொல்வது நாடெங்கும் பெய்யும் மழையை. ஒருவர் நோற்க, ஊரே பயன் பெறுகிறது.

நம் வழக்கில்

நம் முன்னோர் நோன்பை ‘ஒருசந்தி’ என்றனர். நாளுக்கு ஒருவேளை உண்பது அதன் பொருள். இறைச்சியை விலக்குவதைச் ‘சுத்தபோசனம்’ என்றனர். இவ்விரு சொற்களும் உணவின் அளவையும் வகையையும் சொல்கின்றன. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு திருநீற்றுப் புதனையும் பெரிய வெள்ளியையும் நோன்பு நாள்களாகக் குறிக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் 60 ஆம் வயது தொடங்கும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். இது குறைந்த அளவுச் சட்டம்.

எசாயா இறைவாக்கினரோ (58 ஆம் அதிகாரம்) நோன்பு நாளிலும் வழக்காடிச் சண்டையிட்டவர்களைக் கண்டிக்கிறார். பசித்தோருடன் உணவைப் பகிர்வதையே கடவுள் விரும்பும் நோன்பாகக் காட்டுகிறார். வள்ளுவர் வைத்த வரிசையும் ஆண்டாள் சேர்த்த ஒழுங்கும் இதற்கு எவ்வளவு நெருக்கமானவை!

ஒருவேளை உணவை விட்டுவிட்டு, அந்தப் பசியின் எரிச்சலை வீட்டிலுள்ளவர்கள் மேல் காட்டினால், நாம் உண்ணாமல் இருந்தோம், ஆனால் நோற்கவில்லை. படுக்கையில் கிடக்கும் பெற்றோரை முகம் சுளிக்காமல் பராமரிப்பவரும், பழிச்சொல்லுக்குப் பதிலடி கொடுக்காமல் தாங்குபவரும் நோற்கிறார்கள். நோயினாலோ முதுமையாலோ உணவை விட முடியாதவர்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. இத்தவக்காலத்தில், எதை உண்ணாதிருந்தோம் என்று கணக்குப் பார்ப்பதோடு, எதைப் பொறுத்துக்கொண்டோம் என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.