காற்றிறங்கிய சக்கரத்தின் வரலாறு

நெருஞ்சி முள் காலில் தைத்தால் குனிந்து பிடுங்கிவிடலாம். துவிச்சக்கரவண்டியின் ரயரில் தைத்தாலோ, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரயரின் ஓரத்தை நெம்பி, உள்ளேயிருக்கும் ரியூப்பை வெளியே இழுத்து, நீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தை உரஞ்சி ஒட்டுப் போடவேண்டும். வீதியோரத்துச் சைக்கிள் கடையில் வேலை பழகும் சிறுவனும் அரை மணி நேரத்தில் இதனைச் செய்து முடிப்பான். ஆனால், காற்றடைத்த ரயர் துவிச்சக்கரவண்டிக்கு வந்த முதலாண்டுகளில் இவ்வேலை தேர்ந்த தொழிலாளருக்கும் பெருஞ்சோதனையாக இருந்தது. காற்றைச் சக்கரத்தில் அடைத்தவரின் பெயரை உலகம் அறியும். காற்றுப் போனபின் வழிப்போக்கன் தானே அதனைச் சீர்செய்ய வழி கண்டவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் இல்லையெனில் முன்னவரின் கண்டுபிடிப்பு செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கக்கூடும்.

முதன்முதலிற் காற்றைச் சக்கரத்தில் அடைத்தவர் டன்லொப் அல்லர். றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர் 1845 ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார். இறப்பர் பூசிய துணிக் குழாயைத் தோலுறைக்குள் வைத்துக் குதிரை வண்டிச் சக்கரங்களிற் பூட்டி, 1847 இல் இலண்டன் மாநகரின் றீஜன்ட் பூங்காவில் ஓட்டியும் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடியது. ஆயினும் செலவு மிகுதி; துவிச்சக்கரவண்டியோ அக்காலத்தில் வழக்கிற்கு வந்திருக்கவில்லை. உலகம் அதனை மறந்தது.

நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் கால்நடை வைத்தியராகத் தொழில் புரிந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவிற் படும் பாட்டைக் கண்டு, 1888 இல் இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். தொம்சனைப் பற்றி அவர் கேள்விப்பட்டதேயில்லை. 1889 மே மாதம் பெல்பாஸ்றில் நடைபெற்ற போட்டிகளில் வில்லியம் ஹியூம் என்னும் வீரர் இப்புதிய ரயர்களுடன் ஓடி வென்றார். தடித்த ரயரைக் கண்டு நகைத்தவர்கள், போட்டி முடிந்ததும் அதனை எங்கே வாங்கலாம் என்று கேட்கத் தலைப்பட்டனர்.

வாங்கியவர்கள் சின்னாட்களில் அதன் குறையையும் அறிந்தனர். டன்லொப்பின் ரயர் சக்கரத்தின் வளையத்தோடு துணி சுற்றிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் ரியூப்பைக் காணவேண்டுமாயின் அவ்வொட்டு முழுவதையும் பிரிக்கவேண்டும். பின்னர் மீண்டும் ஒட்டிக் காயவிடவேண்டும். நடுவழியில் ஆணி தைத்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு செல்வதன்றி வேறு வகையறியான்.

பிரான்ஸ் நாட்டில் கிளேர்மொன்-பெரான் என்னும் நகரில் மிஷெலின் சகோதரர் இறப்பர்த் தொழிற்சாலையொன்றை நடத்திவந்தனர். 1889 இல் வழிப்பயணி ஒருவர் காற்றிறங்கிய டன்லொப் ரயருடன் அங்கே வந்து உதவி கோரினார். அதனைப் பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் சென்றது. பசை காய்வதற்கு ஓரிரவு காத்திருக்க நேர்ந்தது. மறுநாட் காலை இளையவரான எத்துவார் மிஷெலின் அவ்வண்டியில் தாமே ஏறி ஓட்டிப் பார்த்தார். சிறிது தூரம் செல்லுமுன் ரயர் மீண்டும் காற்றிழந்தது. எனினும் அச்சிறு தூரத்திற்குள் அவர் இரண்டு உண்மைகளைக் கண்டுகொண்டார். காற்றின் மீது ஓடுவதைப் போன்ற சுகம் பிறிதில்லை என்பது ஒன்று. பசையால் ஒட்டிய ரயர் பயணத்துக்கு உதவாது என்பது மற்றது.

அதே வேளையில் வேறு சிலரும் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தனர். 1890 இல் இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் ரயரின் ஓரங்களிற் கம்பி வைத்து, நடுவிற் பள்ளமான வளையத்திற் பொருத்தும் முறையை அமைத்தார். இன்று நம்மவர் நெம்பிக் கழற்றும் ரயர் பெரும்பாலும் அவர் வழி வந்ததே. ஸ்கொத்லாந்தில் பார்ட்லெற் என்பவர், ரயரின் தடித்த விளிம்பு வளையத்தின் மடிப்பிற் கௌவி நிற்குமாறு செய்தார். டன்லொப்பின் உரிமைப் பத்திரம், தொம்சனுடையது முந்தியதென்ற காரணத்தால் வலுவிழந்தபோது, அவருடைய கம்பனி இவ்விருவரின் உரிமைகளையும் விலைக்கு வாங்கியே நிலைபெற்றது. காற்றை அடைத்த உரிமை கைநழுவியது; ரயரைக் கழற்றும் உரிமை காப்பாற்றியது!

மிஷெலின் சகோதரரின் கழற்றும் ரயர் 1891 இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் சென்று பாரிஸுக்கே மீளும், ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் தூரப் போட்டியொன்று நடந்தது. சார்ள் தெரோன் அப்புது ரயர்களைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் அவருடைய ரயர்களும் துளைபடாமலில்லை. ஆயினும் அவற்றைக் கழற்றி ஒட்டிக்கொண்டு, 72 மணி நேரத்துக்குட் பாரிஸை அடைந்து, டன்லொப் ரயரில் வந்தவரைப் பல மணி நேரத்தால் முந்தினார். அடுத்த ஆண்டு பாரிஸிலிருந்து கிளேர்மொன்-பெரானுக்குத் தாமே ஒரு போட்டியை நடத்திய மிஷெலின், ஓட்டக்காரர் செல்லும் பாதையில் ஆணிகளைத் தூவச் செய்தார். துளைபட்டாற் கவலையில்லை என்று காட்டுவதே நோக்கம். விளம்பரத்திற்காகப் பிறர் வழியில் ஆணி தூவுவது தகுமோ என்பது வேறு விடயம்.

பின்னாளில் பிரான்ஸைச் சுற்றும் பெரும் போட்டியில் ஆணி தூவியோர் விளம்பரக்காரர் அல்லர், வஞ்சகர். 1905 ஆம் ஆண்டுப் போட்டியின் முதற்கட்டத்தில் பலர் இதனாற் பெருந்துன்பமுற்றனர். அக்காலத்தில் ஓட்டக்காரர் உதிரி ரயர்களைத் தோளிற் குறுக்காக மாலைபோற் சுற்றிக்கொண்டு செல்வர். அவர்கள் பயன்படுத்தியது ரியூப்பை உள்ளே வைத்துத் தைத்து மூடிய ரயர். தையலைப் பிரித்து ஒட்ட நேரமேது? முழுவதையும் உரித்தெறிந்து புதியதை மாட்டினர்.

ஒட்டும் கலை எளிதாயினும் அதிற் கவனக்குறைவு இடமறிந்து தண்டிக்கும். துளைத்த முள் ரயரிலேயே தங்கியிருக்கக்கூடும். உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாராது பூட்டியவன் அடுத்த சந்திக்குள் மீண்டும் இறங்குவான். காற்றுக் குறைந்த ரயருடன் கல்லில் மோதினால், ரியூப் வளையத்துக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி அருகருகே இரு துளைகள் விழும். அங்கே முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்றைப் போதிய அளவு அடிப்பதே காப்பு. நெருஞ்சியோ எங்கும் பகைதான். அமெரிக்காவில் அச்செடிக்கு ரயர் துளைக்கும் கொடி என்ற பொருளிலேயே பெயர் வழங்குகின்றனர்.

ஒட்ட நேரமில்லாதபோது ரயரையே கழற்றி எறிந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1941 டிசெம்பரில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கானோர் துவிச்சக்கரவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். பழுதுபார்ப்போர் படையுடனேயே சென்றனர். ஆயினும் வெப்பத்தாலும் பாரத்தாலும் ரயர்கள் வெடித்தன. அவர்கள் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓடினர். இரவில் நூற்றுக்கணக்கான வளையங்கள் தார்ச்சாலையில் எழுப்பிய ஓசையைக் கேட்டு, தாங்கிகள் வருகின்றனவென்று எதிர்த்தரப்புப் படையினர் மருண்டனர் என்று யப்பானியப் படை அதிகாரியொருவர் எழுதிவைத்துள்ளார். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரயரின்றி அவர்கள் கடந்துசென்ற சாலைகளின் இரு மருங்கும் மைல்கணக்கில் நின்றவை இறப்பர் மரங்கள்.