ஆனையூரும் ஒரு பெருந்தலைமுறையும்

மலைப்பாம்பு ஒன்று பன்றியை முழுதாக விழுங்கிவிட்டால், அவ்வுடலின் புடைப்பு தலையிலிருந்து வால் நோக்கி மெல்ல நகர்ந்து செல்வதுபோல, ஒரு காலத்தில் மிகுதியாகப் பிறந்த சந்ததி, முதலில் பள்ளியையும் பின்னர் தொழிற்சாலையையும் இறுதியில் முதியோர் திண்ணையையும் நிறைத்துக்கொண்டே செல்லும் என்று மேனாட்டு ஜனத்தொகை நூலறிஞர் கூறுவர். அக்கூற்றின் உண்மையை மதுரைக்கு வடமேற்கே உள்ள ஆனையூரில் தெளிவாகக் காணலாம்.

காலராவும் பஞ்சமும் 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலும் மாறிமாறி உயிர்களை வாரிக்கொண்டு சென்றமையால், 1911-க்கும் 1921-க்கும் இடையே பாரத நாட்டின் ஜனத்தொகை பெருகாததோடு சிறிது குறையவும் செய்தது. அதன் பின்னர் அம்மைப்பாலும் மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் ஊர்தோறும் பரவவே, 1951-61-இல் நூற்றுக்குப் பன்னிரண்டளவில் இருந்த தமிழகத்தின் பெருக்கம், அடுத்த பத்தாண்டில் 22.3 ஆக உயர்ந்தது. தாய்மார் முன்னிலும் மிகுதியாகப் பெற்றமையால் விளைந்த பெருக்கமன்று இது. பெற்ற குழந்தைகள் பிழைத்தமையால் விளைந்தது. ஆதலின் இதனை ஒரு வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

பிழைத்த பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் வேண்டியிருந்தன. காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வளர்ந்ததும், 1966-இல் மதுரையில் பல்கலைக்கழகம் எழுந்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியதும் அத்தேவைக்கு அரசு அளித்த விடைகளே. 1901-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த மதுரை, 1971-இல் ஐந்தரை லட்சத்தை எட்டி, அவ்வாண்டிலேயே மாநகராட்சியும் ஆயிற்று.

அந்தச் சந்ததி வளர்ந்து, மணம் முடித்து, உத்தியோகமும் தேடிக்கொண்டபோது, நான்கு மாசி வீதிகளும் வெளிவீதிகளும் சூழ்ந்த பழைய நகரில் அதற்கு இடமில்லை. சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தோடு மனை வாங்கி, வைகைக்கு வடக்கே உள்ள கிராமங்களை நோக்கி அது நகர்ந்தது. வயலும் கண்மாயும் சூழ்ந்திருந்த ஆனையூர், அவ்வாறு குடியேறியோரால் நகராட்சியாக வளர்ந்து, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 63,917 பேரைக் கொண்டிருந்தது. அவ்வாண்டிலேயே அது திருப்பரங்குன்றம், அவனியாபுரம் நகராட்சிகளோடு மாநகராட்சியில் இணைக்கப்பட, 72 ஆக இருந்த மதுரையின் வார்டுகள் 100 ஆயின.

இதற்கிடையே, குடும்பக் கட்டுப்பாடும் பெண் கல்வியும் பரவியமையால், இரு குழந்தைகளே போதும் என்னும் நிலையைத் தமிழகம் 1990-களிலேயே நெருங்கிவிட்டது. பின்வரும் தலைமுறைகள் சிறுத்தே வருகின்றன. 2011-இல் அறுபது வயதைக் கடந்தோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 8.6 ஆக இருக்க, தமிழகத்தில் 10.4 ஆக இருந்தனர். 1961-இல் பிறந்தவருக்கு 2021-இல் அறுபது நிறைந்தது. பெருந்தலைமுறையின் முதுமை இவ்வாறு தொடங்கிவிட்டது. அவர்களைத் தாங்க வேண்டிய பிள்ளைகளோ எண்ணிக்கையில் குறைவு; அப்பிள்ளைகளிலும் பலர் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர்.

குழந்தைகளாக இருந்தபோது இச்சந்ததிக்குச் சோறிட வேண்டும் என்று உணர்ந்த சமூகம், முதுமையிலும் அதனைக் கைவிடலாகாது. நடக்கத்தக்க நடைபாதையும், அண்மையிலேயே மருத்துவமும், தனித்திருப்போரைத் தேடிச் சென்று பேணும் பணியாளரும் ஆனையூர் போன்ற ஒவ்வொரு புறநகருக்கும் இன்றியமையாதவை. பள்ளிச் சத்துணவுக்குக் காட்டிய அதே உறுதியோடு, அரசும் மாநகராட்சியும் இப்பணியை இன்றே மேற்கொள்ள வேண்டும்.