பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கம்

பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லன்ட் நகர மையத்தில் அமைந்துள்ள ஒரு பொதுச் சதுக்கம் ஆகும். நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ 40,000 சதுர அடி நிலம் முழுவதிலும் இது பரந்துள்ளது. 1951 இற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாகன நிறுத்துமிடமாக இருந்த இந்நிலம், 1984 இல் பொது இடமாகத் திறக்கப்பட்டது. அருகிலுள்ள 19 ஆம் நூற்றாண்டு நீதிமன்றக் கட்டடத்தின் பெயரே சதுக்கத்துக்கும் இடப்பட்டது.

வரலாறு

இங்கு முதலில் ஒரு பள்ளியும், 1890 முதல் போர்ட்லன்ட் ஓட்டல் என்னும் பெரிய விடுதியும் இருந்தன. அயலில் பல்பொருள் அங்காடி நடத்திய மையர் அன்ட் பிராங்க் நிறுவனம் விடுதியை வாங்கி, 1951 இல் இடித்து, இரண்டு தளங்கள் கொண்ட வாகன நிறுத்துமிடத்தை அமைத்தது.

அக்காலத்தில் அமெரிக்க நகர மையங்கள் பலவற்றில் இதுவே நிகழ்ந்தது. கட்டடம் இல்லாத மனைக்குச் சொத்து வரியும் பராமரிப்புச் செலவும் குறைவு. நிறுத்தக் கட்டணமோ நாள்தோறும் வரும். எனவே நிலத்தின் விலை உயரும்வரை உரிமையாளர் பொறுமையாகக் காத்திருக்க முடியும். தனி உரிமையாளருக்கு இது இலாபமே. ஆனால் மனைகள் ஒவ்வொன்றாக இவ்வாறு வெறுமையானால், எந்தக் கடைகளையும் அலுவலகங்களையும் நாடி மக்கள் வருகிறார்களோ அவையே குறைந்துபோகின்றன. எஞ்சுவது வண்டி நிறுத்த இடம் மட்டுமே.

மீளுருவாக்கம்

1960களின் இறுதியில் இதே இடத்தில் பல மாடி நிறுத்துமிடம் கட்ட அங்காடி நிறுவனம் முன்வைத்த திட்டத்தை நகரத் திட்டமிடல் ஆணையம் ஏற்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் நகர மையத் திட்டம் இங்கு ஒரு பொதுச் சதுக்கம் அமைய வேண்டும் என்றது. 1975 இல் நகர மையத்தின் மொத்த வாகன நிறுத்த இடங்களுக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

1980 இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் வில்லார்ட் மார்ட்டினின் குழு தெரிவாயிற்று. திறந்த சதுக்கம் வேலையற்றுத் திரிவோரின் கூடாரமாகிவிடும் என வணிகர் சிலர் அஞ்சினர். மேயர் பிராங்க் ஐவன்சியும் இவ்வடிவமைப்பை எதிர்த்தார். பணம் போதாத நிலையில், வாங்குவோரின் பெயர் பொறித்த செங்கற்களைக் குடிமக்கள் விற்று நிதி திரட்டினர். பல்லாயிரம் பெயர்கள் கொண்ட அச்செங்கற்கள் இன்றும் சதுக்கத்தின் தரையாக உள்ளன. ஒரு நகரத் திட்டத்துக்கு இதைவிட எளிய வாக்கெடுப்பு இருக்க முடியாது எனலாம். இடிக்கப்பட்ட விடுதியின் இரும்பு வாயிற்கதவும் இங்கு நிறுவப்பட்டுள்ளது.

சதுக்கம் 1984 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. 1986 இல் இதன் ஓரமாக மாக்ஸ் இலகு தொடருந்து ஓடத் தொடங்கியமையால், தானுந்து இல்லாமலும் இங்கு வருவது எளிதாயிற்று.

தொடர்புடைய இடம்

சில தெருக்கள் தள்ளி, தரைமட்ட நிறுத்துமிடமாக இருந்த மற்றொரு மனை, 2009 இல் டைரக்டர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கு வாகனங்கள் வெளியேற்றப்படவில்லை. பூங்காவின் அடியில் ஏறத்தாழ 700 வண்டிகளுக்கு நிலத்தடி நிறுத்துமிடம் அமைக்கப்பட்டது. நிலத்தடியில் ஒரு வண்டிக்கு இடம் அமைக்கத் தரைமட்டத்தைவிடப் பன்மடங்கு செலவாகும் என்பதால், நில மதிப்பு மிக உயர்ந்த இடங்களிலேயே இம்முறை கையாளப்படுகிறது.