ஜெரமி புஜகோவ்ஸ்கி

ஜெரமி புஜகோவ்ஸ்கி (1939–2010) குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய முதல் வீரர். ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயக்காரர். 1964-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலும் 1968-இல் பிரான்ஸின் கிரெனோபிளிலும் இந்திய அணியில் இருந்தவர் அவர் ஒருவர்தான். பதக்கப் பட்டியலை வைத்தே விளையாட்டு வரலாற்றை எழுதும் பழக்கத்தால் அவர் பெயர் இங்கே அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டிய பெயர் அது.

பிறந்த ஊர் துருஸ்கினின்கை. அன்றைக்குப் போலந்தில் இருந்தது, இன்றைக்கு லித்துவேனியாவில் இருக்கிறது. பெற்றோர் ஸ்தனிஸ்லாவும் ஹலினாவும் 1934-இல் அதே ஊரிலிருந்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, துருக்கி, ஈரான், இந்தியா, பர்மா எனப் பல நாடுகளைக் கடந்து 1936-இல் ஷாங்காய் போய்ச் சேர்ந்தவர்கள். வழிநெடுக ஹலினா எழுதிவந்த பயணக் குறிப்புகள் 2011-இல்தான் போலிஷ் மொழியில் புத்தகமாக வந்தன. ஜெரமி பிறந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. குடும்பம் பிற்பாடு இந்தியாவில் குடியேறியது.

பனிச்சறுக்கில் அவர் தேறியது அமெரிக்காவில். ராக்கி மலையடிவாரத்தில் உள்ள டென்வர் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1950களிலும் 1960களிலும் அமெரிக்கக் கல்லூரிப் பனிச்சறுக்குப் போட்டிகளில் அடுத்தடுத்துப் பட்டம் வென்ற பல்கலைக்கழகம் அது. பந்தயத் தரத்துக்குச் சீர்செய்த சரிவு, நேரம் கணிக்கும் கருவி, வாராவாரம் போட்டி இவையெல்லாம் இருந்தால்தான் பந்தயக்காரர் உருவாக முடியும். இமயமலையில் பனிக்குக் குறைவில்லை. இந்த ஏற்பாடுகள் எதுவும் அன்று அங்கே இல்லை.

ஆல்பைன் பந்தயங்களில் அதிவேகமானது டவுன்ஹில். மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஆண்களுக்கான ஒலிம்பிக் டவுன்ஹில்லில் தொடக்கப் புள்ளிக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையே 800 முதல் 1,100 மீட்டர் வரை உயர வேறுபாடு இருக்கும். கடமலைக்குண்டு, சின்னமனூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி பஸ் ஏறும் மேகமலையின் உயரத்தை ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் இறங்குவது போன்றது அது. ஸ்லாலத்தில் வேகம் குறைவு, திருப்பங்கள் அதிகம். நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து வர வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஜயண்ட் ஸ்லாலம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

1964-இல் இன்ஸ்புருக்கில் பனி பொய்த்துவிட்டது. ஆஸ்திரிய ராணுவத்தினர் மேல்மலைகளிலிருந்து பனியை அள்ளிக் கொண்டுவந்து கொட்டி, பந்தயத் தடங்களில் மிதித்து இறுக்கினார்கள். ஆண்களுக்கான டவுன்ஹில் நடந்த பாட்ஷர்கோஃபல் மலையில், பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியின்போதே ஆஸ்திரேலிய வீரர் ராஸ் மில்ன் மோதி இறந்துபோனார். அவர் உயிர்விட்ட அதே சரிவில்தான் புஜகோவ்ஸ்கியும் இறங்கினார். கீழே பனி மெலிந்து, ஓரங்களில் பாறையும் மரங்களும் தெரியும் தடம். காலில் தோல் பூட்ஸ், ஆளைவிட நீளமான சறுக்குக் கட்டைகள். அவரால் அந்த ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. தங்கம் உள்ளூர்க்காரரான ஆஸ்திரியாவின் எகான் சிம்மர்மனுக்குப் போனது.

நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் வந்தார். அவருடைய பந்தய வாழ்க்கையில் என்னைக் கவர்வது இந்தத் திரும்பி வருதல்தான். பின்னால் பெரிய சங்கமோ, உடன்வர அணியோ இல்லாத ஒருவர், முடிக்க முடியாத பந்தயத்துக்கே மீண்டும் தயாராகி வந்தார். கிரெனோபிள் போட்டிகளின் ஆண்கள் ஆல்பைன் பந்தயங்கள் ஷாம்ருஸ் மலையில் நடந்தன. பிரான்ஸின் ழான்-குளோத் கில்லி மூன்று ஆல்பைன் தங்கங்களையும் அள்ளிய இடம் அது. டவுன்ஹில்லில் கில்லிக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளி 0.08 நொடி. அந்த முறை புஜகோவ்ஸ்கி டவுன்ஹில்லையும் ஜயண்ட் ஸ்லாலத்தையும் முழுமையாக முடித்தார். தரவரிசையில் கீழேதான் இருந்தார். ஆனாலும் ஒலிம்பிக் ஆல்பைன் பந்தயத்தின் முடிவுக் கோட்டை இந்தியர் ஒருவர் தாண்டியது அப்போதுதான் முதன்முறை.

அவருக்குப் பின் இருபது ஆண்டுகள் குளிர்கால ஒலிம்பிக் பக்கம் இந்தியா எட்டிப் பார்க்கவில்லை. இதற்கிடையே காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் வளர்ந்தது. ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியும் அங்கேயே உள்ளது. 1988 கல்கரி போட்டிக்கு குல் தேவ், கிஷோர் ரத்னா ராய், ஷைலஜா குமார் ஆகிய மூவர் சென்றனர். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் ஷைலஜா. ஸ்லாலத்தை முடித்த 28 பேரில் 28-ஆவதாக வந்தார். கடைசி இடம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்று விழுந்தும் வாயில் தவறியும் வெளியேறியவர்கள் பலர். 2006 தூரின் போட்டியில் நேஹா அஹுஜா பங்கேற்றார்.

2022 பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். அவரும் ஆல்பைன் பந்தயக்காரர். குல்மார்க் பனியிலேயே சறுக்கக் கற்றவர். பனி கொட்டி எதிரில் உள்ள வாயில்கூடத் தெரியாத நாளில் நடந்த ஜயண்ட் ஸ்லாலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஆரிஃப் இரண்டு ஓட்டங்களையும் முடித்து 45-ஆம் இடம் பெற்றார்.