நதிமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. ரிஷிமூலத்தை ஆராய்வதால் யாருக்கு என்ன சங்கடமோ, அது கிடக்கட்டும். நதிமூலத்தை ஆராயாதிருப்பதோ உழுதுண்டு வாழ்வார்க்குக் கேடாய் முடியும். கங்கையின் வரலாறே இதற்குச் சான்று.

கங்கை வானினின்று சிவன் சடையில் இறங்கியதென்று புராணம் கூறும். 1817-ஆம் ஆண்டில் நில அளவை அதிகாரியான காப்டன் ஹாட்ஜ்ஸன் என்பார் கங்கோத்திரிக்கும் அப்பால் ஏறிக் கோமுகத்தை அடைந்தார். அங்கே பெரும் பனிக்கட்டிச் சுவரின் அடியினின்று ஆறு பாய்ந்து வருவதைக் கண்டு எழுதி வைத்தார். நதி தோன்றும் இடம் தெரிந்துவிட்டது. எனினும், வழியெல்லாம் மழையும் ஊற்றும் வந்து கலக்கின்றனவே. ஆற்றில் ஓடும் நீரில் பனி எவ்வளவு, மழை எவ்வளவு? கண்ணால் கண்டு இதைச் சொல்ல வல்லார் எவருமிலர்.

விடைக்கு வழி இரசாயன அறிஞரிடமிருந்து வந்தது. 1929-இல் அமெரிக்க அறிஞர்களான ஜியோக், ஜான்ஸ்டன் என்னும் இருவர் பிராணவாயுவில் எடை மிகுந்த அணுக்களும் உண்டென்று காட்டினர். 1931-இல் ஹரால்ட் யூரி என்பார் நீரகத்திலும் எடை மிகுந்த வகையைக் கண்டுபிடித்து, 1934-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே தனிமம், வேறு எடை. இவற்றையே ஐசோடோப்பு என்பர். இவை ரேடியம் போலச் சிதைந்து மாறுவன அல்ல. ஆதலின் நிலையான ஐசோடோப்புகள் எனப்படும். பிராணவாயு அணுக்களில் ஏறக்குறைய 500-க்கு ஒன்றே இத்தகைய கனத்த அணு.

1952 ஜூன் மாதத்தில், டென்மார்க்கின் தலைநகரில் வில்லி டான்ஸ்கார் என்னும் ஆராய்ச்சியாளர் வெறும் பீர் போத்தலில் புனலைச் செருகித் தம் தோட்டத்துப் புல்தரையில் வைத்து மழைநீர் பிடித்தார். மழை தொடரத் தொடர, அந்நீரில் கனத்த அணுக்களின் அளவு மாறுவதைக் கண்டார். நீராவி குளிர்ந்து துளியாகும்போது கனத்த நீரே முந்தி விழும். ஆகவே மலையேறும் மேகம் அடிவாரத்திலேயே கனத்த நீரை இழந்துவிடும். சிகரத்தில் பெய்யும் பனியில் அது மிகக் குறையும். உயரத்துப் பனியும் தாழ்நிலத்து மழையும் தத்தம் பிறப்பிடத்தின் முத்திரையைத் தாங்கியே ஆற்றில் கலக்கின்றன. 1961-இல் ஹார்மன் கிரெய்க் என்பார் உலகத்து மழைநீரெல்லாம் இவ்விரு கணக்கிலும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அடங்குமென்று காட்டினார்.

கணக்கு எளிது. கடல்நீரை அளவாகக் கொண்டு, பனிநீரில் 15 பங்கு குறைவென்றும், மழைநீரில் 7 பங்கு குறைவென்றும், ஆற்றில் 9 பங்கு குறைவென்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஆற்றுநீரில் நாலில் ஒரு பங்கு பனிநீர். பால்காரர் சேர்த்த தண்ணீரைப் பால்மானி காட்டிக் கொடுப்பது போன்றதே இது.

ஆயினும் இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. பருவமழை கொட்டித் தீர்க்குங்கால் அம்மழையிலும் கனத்த நீர் குறைந்துவிடும். அதைப் பனிநீரென்று மயங்கலாம். ஆகவே நீரில் கரைந்த உப்புகளையும் சேர்த்து அளத்தல் வேண்டும். மண்ணுள் ஊறி வந்த நீர் உப்பை ஏற்று வரும். இந்திய ஆராய்ச்சியாளர் ரிஷிகேசத்தில் கங்கையை இவ்விரு வழியாலும் சோதித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வாராய்ச்சியால் என்ன பயன் என்பீர்களோ? 2007-இல் உலக நாடுகளின் பருவநிலை அறிஞர் குழு, இமயத்துப் பனியாறுகள் 2035-க்குள் அழியக்கூடுமென்று அறிக்கையில் எழுதிற்று. ஆதாரமில்லாத அவ்வாக்கியத்தை 2010-இல் தவறென்று ஒப்புக்கொண்டது. பனியாறுகள் சுருங்கி வருவது மெய், காலக்கணக்கே பொய்த்தது. கங்கைச் சமவெளிக்குப் பெரும்பகுதி நீரைத் தருவது பருவமழை. சிந்துவோ பனியையே பெரிதும் நம்பியிருக்கிறது. பனி உருகுங்கால் முதலில் ஆறு பெருகும். பனி தீரத் தீர, கோடையில் வற்றும். அவ்வற்றல் சிந்துக்கரை உழவனைத் தாக்கும் அளவு கங்கைச் சமவெளி உழவனைத் தாக்காது. மலையோரச் சிற்றூர்களின் நிலையோ வேறு. எவ்வூருக்கு அணை, எவ்வூருக்குக் கிணறு, எங்கே பயிர் மாற்றம் என்பதை இக்கணக்கின்றி எவ்வாறு முடிவு செய்வது?

நீரைத் தொழுவோர் தொழுக. அதை நம்பிப் பயிரிடுவோர்க்கோ அதன் மூலத்தை அறிய உரிமையுண்டு.