காலியன் வராத கடல்

1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் மன்னர் ஒருவரே. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா மன்னன் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்தபோது, அந்த நிலம் சேர்ந்தது மூன்றாம் பிலிப்பின் முடிக்கு. குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியரின் திறை மீதும் அந்த முடி உரிமை கோரியது. இதே மன்னரின் காலியன்கள்தாம் மெக்சிக்கோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி சுமந்தன.

போருக்கும் வணிகத்துக்கும் சேர்த்தே கட்டிய கப்பல் காலியன். பக்கங்களில் பீரங்கி, அடித்தட்டில் சரக்கு, கோட்டைபோல் உயர்ந்த பின்தளம். மணிலாத் தடத்தில் ஆயிரம் தொன்னைத் தாண்டியவையும் ஓடின. அவ்வளவு பெரிய கலத்துக்கு ஆழக்கடல் வேண்டும். யாழ்ப்பாணக் கடனீரேரியோ பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கும் ஆழம்தான். பூநகரிக் கரையில் நின்று காலியனைப் பார்த்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. இங்கே கடலை ஆண்டவை தோணியும் வத்தையும் சம்பானும். அந்தக் கடனீரேரியைக் காக்கவே போர்த்துக்கேயர் பூநகரியில் கோட்டை கட்டினர்.

காத்தது எதை? முதலில் சொல்ல வேண்டியது யானையை. பனங்காமம், முள்ளியவளைக் காடுகளில் பிடித்துப் பழக்கிய யானைகளை ஆனையிறவுப் பரவைக்கடலில் நடத்தியே குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். உயரத்தை முழத்தால் அளந்தார்கள்; முழம் ஏற ஏற விலையும் ஏறியது. பின்பு ஊர்காவற்றுறையில் கப்பலேற்றிச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்களில் கோல்கொண்டா அரசும் உண்டு. பிடித்தவர், பழக்கியவர், காட்டில் மிதிபட்டு இறந்தவர் பெயர் ஒன்றும் நம்மிடம் இல்லை. இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாக உறுத்துவது இதுதான்.

யானை இறங்கிய அதே சோழமண்டலக் கரையிலிருந்து, நாகபட்டினத்துப் போர்த்துக்கேய வணிகர் புடவைக்கட்டுகளை மணிலாவுக்கு ஏற்றினர். அங்கே அதற்கு விலையாகக் கிடைத்தது காலியன் கொண்டுவந்த வெள்ளி. வன்னிக் காடும் அமெரிக்கச் சுரங்கமும் ஒரே சந்தை வலையின் இரு முனைகளாக இருந்தன. 1619ஐ நல்லூரில் நடந்த நிலப்போராக மட்டும் சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கடல் பக்கம் தெரியாமலே போயிற்று. யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள் வன்னி யானை வணிகத்தின் வாசலையும் சேர்த்தே பிடித்தார்கள்.

1640இல் போர்த்துக்கல் தனி முடியாகப் பிரிந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. யானை போன பாதை மட்டும் மாறவில்லை. ஒல்லாந்தர் கேட்ட யானைத் திறையை வன்னியர் எப்படி இழுத்தடித்தனர் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.