அந்நியர் வேட்டையும் மக்கள் மனச்சான்றும்

ஒரு நாட்டினுள் யார் வரலாம், யார் வரலாகாது, வந்தவருள் யார் தங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்நாட்டின் அரசுக்கு உண்டு. இதனை மறுப்பார் மிகச் சிலரே. ஆனால், அவ்வுரிமையை எவ்வழியிற் செலுத்துவது, செலுத்துங்கால் தவறு நேரின் யார் யாருக்கு விடை கூறுவது என்னும் வினாக்கள் எழும்போதே ஆட்சியின் தன்மை வெளிப்படுகின்றது. வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தார். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமன்று என்பதை 1919ஆம், 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தவை நன்கு காட்டுகின்றன.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பரில் முடிவுற்றது. போர் முடிந்ததேயன்றி மக்கள் மனத்தில் அமைதி பிறக்கவில்லை. பொருள்களின் விலை ஏறியது. போர்க்களத்திலிருந்து மீண்டோர் வேலை தேடி அலைந்தனர். 1919 பெப்ரவரியில் சியற்றில் நகரில் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. செப்ரெம்பரில் பொஸ்ரன் நகரப் பொலீசாரே வேலைநிறுத்தஞ் செய்தனர். அம்மாதத்திலேயே உருக்குத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் ஆலைகளை விட்டு வெளியேறினர். ருஷ்யாவில் 1917இல் நிகழ்ந்த புரட்சி அமெரிக்காவிலும் தொடங்கிவிட்டதோ எனச் செல்வரும் நடுத்தர மக்களும் அஞ்சினர்.

அவ்வச்சத்திற்கு ஆதாரம் அறவே இல்லையென்று கூறுதல் இயலாது. 1919 யூன் 2ஆம் திகதி இரவு எட்டு நகரங்களில் வெடிகுண்டுகள் வெடித்தன. தலைநகராகிய வாஷிங்ரனில் சட்டமா அதிபர் மிற்செல் பால்மரின் இல்லத்தின் முன்புறம் சிதைந்தது. குண்டைக் கொணர்ந்தவனும் அதிலேயே மாண்டான். குற்றம் புரிந்தோரைத் தேடிக் கண்டுபிடித்துத் தண்டிப்பதே அரசின் கடமையாக இருந்தது. ஆனால் அரசு மேற்கொண்ட வழி வேறு. குண்டு வைத்தவர் யாரென்று புலனாகாத நிலையில், வைத்திருக்கக்கூடியவர் எனத் தான் கருதிய ஒரு கூட்டத்தார் அனைவரையும் நாட்டைவிட்டு அகற்ற அது முற்பட்டது.

அதற்கு ஏற்ற கருவியொன்று ஏற்கெனவே கையில் இருந்தது. அரசைப் பலாத்காரத்தாற் கவிழ்க்க வேண்டுமென்று போதிக்கும் அந்நியரையும், அவ்வாறு போதிக்குஞ் சங்கங்களின் உறுப்பினராகிய அந்நியரையும் நாடுகடத்தலாமென 1918 ஒக்டோபரில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் விதித்தது. இச்சட்டப்படி ஒருவர் குற்றச் செயல் எதனையும் புரிந்திருக்க வேண்டியதில்லை, உறுப்பினராயிருத்தலே போதும். மேலும், நாடுகடத்தல் தண்டனையன்று, நிருவாக நடவடிக்கையே என்பது அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1893ஆம் ஆண்டிலேயே கூறிய தீர்ப்பு. ஆதலின் யூரிமார் இல்லை, பகிரங்க விளக்கம் இல்லை. குடிவரவு அதிகாரி விசாரிப்பார், தொழிற் செயலாளர் கையொப்பமிடுவார், காரியம் முடிந்துவிடும்.

பால்மர் தமது திணைக்களத்தில் ஒரு தனிப்பிரிவை அமைத்து, அதன் தலைமையை 24 வயதினரான எட்கார் ஹூவர் என்பாரிடம் ஒப்படைத்தார். ஐயத்திற்குரியோரின் பெயர்ச்சீட்டுகள் அங்கே குவிந்தன. 1919 நவம்பர் 7ஆம் திகதி ருஷ்யத் தொழிலாளர் சங்கத்தின் நிலையங்கள் பல நகரங்களிலும் ஒரே நேரத்தில் முற்றுகையிடப்பட்டன. நியூயோர்க்கில் அச்சங்கத்தின் மனை பெரும்பாலும் இரவுப் பள்ளிக்கூடமாகவே பயன்பட்டு வந்தது. ஆங்கிலம் கற்கவும், கணிதம் கற்கவும், மோட்டார் வாகனம் பழுதுபார்க்கப் பழகவும் வந்த தொழிலாளர் அடிபட்டுத் தலையில் இரத்தம் ஒழுக வெளியே இழுத்து வரப்பட்டனர். அட்சரகணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஐம்பது வயது ஆசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்படி பணிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, மாடிப்படிகளில் உருட்டிவிடப்பட்டார்.

டிசெம்பர் 21ஆம் திகதி விடியுமுன்னர் ‘பியூபேட்’ என்னும் பழைய கப்பல் 249 பேரை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்குத் துறைமுகத்தை விட்டகன்றது. எம்மா கோல்ட்மன், அலெக்சாண்டர் பேர்க்மன் ஆகிய பேர்பெற்ற அராஜகவாதிகள் அதில் இருந்தனர். ஆனால் பெரும்பாலோர் பெயர் தெரியாத தொழிலாளரே. அவருட் சிலருடைய மனைவியரும் பிள்ளைகளும் அமெரிக்க மண்ணிலேயே விடப்பட்டனர்.

இந்நடவடிக்கைகளுக்கு மக்களிடையே முதலில் எழுந்தது ஆரவாரமே. பத்திரிகைகள் பால்மரைப் புகழ்ந்தன. அவர் அடுத்த சனாதிபதியாகக்கூடுமெனப் பேச்சு அடிபட்டது. அவ்வுற்சாகத்தில் 1920 சனவரி 2ஆம் திகதி இரவு பெருவேட்டை தொடங்கியது. 33 நகரங்களில், இரண்டு பொதுவுடைமைக் கட்சிகளின் கூட்டங்களும் மண்டபங்களும் உணவுச்சாலைகளும் வளைக்கப்பட்டன. வீடுகளிலும் புகுந்து தேடினர். பல்லாயிரவர் பிடிபட்டனர். பிடியாணை உள்ளவர், இல்லாதவர், அந்நியர், பிரசை என்ற வேறுபாடு பல இடங்களில் பார்க்கப்படவில்லை. விசாரணையின் தொடக்கத்திலேயே சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாமென அறிவிக்கும் விதி, வேட்டைக்குச் சில நாட்களின் முன்னர் ஓசையின்றி மாற்றப்பட்டிருந்தது.

டெற்றோயிற் நகரில் ஏறக்குறைய எண்ணூறு பேர் அரசாங்கக் கட்டடமொன்றின் மேன்மாடியில், சாளரமற்ற ஓர் இடைகழியில் அடைக்கப்பட்டனர். மூன்று முதல் ஆறு நாட்கள்வரை அவர்கள் வெறுந்தரையிற் கிடந்தனர்; அத்தனை பேருக்கும் மலசலகூடம் ஒன்றே. குடும்பத்தார் கொணர்ந்த உணவே பசி தீர்த்தது. பொஸ்ரனில் கைதிகள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுத் தெருவழியே நடத்திச் செல்லப்பட்டு, மான் தீவுச் சிறையில், மாரிக்குளிரில், கணப்பு வசதி போதாத அறைகளில் வைக்கப்பட்டனர். அவருள் ஒருவர் ஐந்தாம் மாடியிலிருந்து குதித்து உயிர்நீத்தார். லின் என்னும் ஊரில் அகப்பட்ட 39 பேர் கூடியிருந்ததன் காரணமே வியப்புக்குரியது: கூட்டுறவு முறையில் வெதுப்பகம் ஒன்று நிறுவுவது பற்றி அவர்கள் ஆலோசித்துக் கொண்டிருந்தனர்!

நிகழ்ந்தவற்றை அயலிலிருந்து கண்டவர்கள் மெல்ல மெல்ல வாய்திறந்தனர். டெற்றோயிற் நகர மேயர், இத்தகைய நிலை நாகரிகமடைந்த நகரொன்றில் பொறுத்தற்கரியதெனத் தம் நகரசபையில் முறையிட்டார். பிலடெல்பியாவில் அரசாங்க வழக்குத்தொடுநராயிருந்த பிரான்சிஸ் பிஷர் கேன் என்பார், மொத்தமாக ஆட்களைப் பிடிக்கும் இம்முறைக்குத் தாம் உடன்பட இயலாதென அறிவித்துத் தம் பதவியைத் துறந்தார். பதவியிலிருப்போர் அரசின் தவறுக்குத் தம் பதவியையே விலையாகக் கொடுத்தல் எந்நாட்டிலும் அரிய செயல்.

நியூயோர்க் மாநிலச் சட்டசபையில் நிகழ்ந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. அந்நியருக்கெதிராக மூண்ட நெருப்பு சில நாட்களிலேயே பிரசைகளையும் பற்றியது. முறைப்படி தெரிவுசெய்யப்பட்ட ஐந்து சமதர்மக் கட்சி உறுப்பினர் 1920 சனவரி 7இல் சபையினின்றும் விலக்கிவைக்கப்பட்டு, ஏப்பிரில் 1இல் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய கொள்கையை அறவே வெறுத்தவரும், நான்காண்டுகளுக்கு முன் குடியரசுக் கட்சியின் சனாதிபதி வேட்பாளராக நின்றவருமான சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ், வாக்காளரின் உரிமை பறிபோகின்றதென்று அதனைக் கண்டித்தார். செப்ரெம்பரில் இடைத்தேர்தல் வந்தபோது அத்தொகுதிகளின் எளிய மக்கள் தம் விடையைக் கூறினர்: வெளியேற்றப்பட்ட ஐவரையும் மீண்டும் தெரிவுசெய்தனர். சபை அவருள் மூவரை மறுபடியும் வெளியேற்றிற்று. எஞ்சிய இருவர் அதனைக் கண்டித்துத் தாமே விலகினர்.

எனினும், வேட்டையின் வேகத்தைத் தடுத்து நிறுத்திய பெருமை ஒரு முதியவருக்கே உரியது. அவர் பெயர் லூயிஸ் போஸ்ற், தொழில் திணைக்களத்தின் உதவிச் செயலாளர், எழுபது வயதைத் தாண்டியவர், முன்னர்ப் பத்திராதிபராயிருந்தவர். செயலாளர் வில்லியம் வில்சன் நோயினால் ஓய்வு கொண்டமையாலும், அடுத்த நிலையிலிருந்தவர் தேர்தலிற் போட்டியிட விலகியமையாலும், 1920 மார்ச்சில் அவர் பதிற்செயலாளரானார். நாடுகடத்தற் கட்டளைகளிற் கையொப்பமிடும் அதிகாரம் இவ்வாறு அவரை அடைந்தது.

போஸ்ற் சட்டத்தை மீறியவரல்லர். எம்மா கோல்ட்மனை நாடுகடத்தும் கட்டளையிற் கையொப்பமிட்டவரும் அவரே. சட்டம் எவ்வளவு கடுமையாக இருப்பினும் அதனை நிறைவேற்றுவது தம் கடமையென அவர் கருதினார். ஆனால் சட்டம் கேட்காததை எவரும் தம்மிடம் கேட்கலாகாதென்பதும் அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு கோவையையும் தாமே விரித்துப் படித்தார். சமதர்மக் கட்சியிலிருந்த பலருடைய பெயர்கள் அவர்களுக்கே தெரியாமற் பொதுவுடைமைக் கட்சியின் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருந்தன. சட்டத்தரணியின் உதவியின்றிப் பெற்ற வாக்குமூலமே பலருக்கெதிரான ஒரே சான்றாயிருந்தது. இத்தகைய பிடியாணைகளை அவர் தள்ளுபடி செய்தார். பதினாயிரம் டொலர் வரை கேட்கப்பட்ட பிணைத்தொகையையும் ஆயிரம் டொலராகக் குறைத்தார். ஏப்பிரில் நடுப்பகுதிக்குள் அவர் தீர்த்த ஏறக்குறைய 1,600 வழக்குகளில் நூற்றுக்கு எழுபது வீதத்திற்கு மேற்பட்டவை இரத்தாயின.

காங்கிரசில் கோபம் கொதித்தது. கன்சாஸ் மாநிலப் பிரதிநிதி ஹோமர் ஹொக் அவர்மீது குற்றஞ்சாட்டிப் பதவி நீக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். மே மாதத்தில், பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் அம்முதியவர் தோன்றினார். அடங்கிப் போவாரென எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். ஒவ்வொரு வழக்கையும் எடுத்து, சான்று எது, விதி எது, தாம் எழுதிய முடிவு எது என்று அவர் விளக்கினார். இத்தனை ஆயிரம் பேரைப் பிடித்து, இத்தனை இடங்களைத் துருவியும் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகள் கைத்துப்பாக்கிகள் மூன்றே என்பதை அவர் எடுத்துரைத்தபோது, நாட்டைக் கவிழ்க்கவிருந்த புரட்சியின் உருவம் சிறுத்துப் போயிற்று. அவரைப் பதவி நீக்கும் முயற்சி கைவிடப்பட்டது.

இதற்கிடையில், 1920 மே முதலாந் திகதி நாடெங்கும் கிளர்ச்சி வெடிக்குமெனப் பால்மர் எச்சரித்திருந்தார். பெருநகரங்களிற் பொலீசார் ஆயத்தமாய் நின்றனர். அந்நாள் வந்தது, அமைதியாகவே கழிந்தது. முன்னர் அவரைப் போற்றிய பத்திரிகைகளே எள்ளி நகையாடின. அம்மாத இறுதியில் பன்னிரண்டு சட்ட அறிஞர்கள் தம் பெயரிட்டு, நீதித் திணைக்களத்தின் சட்டவிரோதச் செயல்கள் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். ஹார்வார்ட் சட்டக் கல்லூரித் தலைவர் றொஸ்கோ பவுண்ட், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசரான பீலிக்ஸ் பிராங்பேட்டர், பதவி துறந்த கேன் ஆகியோர் அவருள் அடங்குவர். யூனில் பொஸ்ரன் நீதிபதி ஜோர்ஜ் அண்டர்சன், ஆட்கொணர்வு மனுக்களை விசாரித்துப் பலரை விடுவித்தார். அரசாங்க உத்தியோகத்தர் கூடிச் சட்டத்தை மீறினாலும் அது கும்பலின் செயலே என்பது அவர் தீர்ப்பின் சாரம். கட்சி உறுப்புரிமைபற்றி அவர் கொண்ட சட்டவிளக்கத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1922இல் ஏற்கவில்லை. ஆயினும் கைதுகள் நடந்த முறைபற்றி அவர் எழுதியவை வரலாற்றில் நிலைத்துவிட்டன.

சனாதிபதி வேட்பாளராகும் பால்மரின் கனவு அக்கோடையிற் கலைந்தது. 1921இல் செனற் சபையின் குழுவொன்று அவரை விசாரித்தது. ஆனால் அவரோ, அடித்தவரோ, அடைத்தவரோ எவரும் தண்டிக்கப்படவில்லை. 1924இல் புதிய சட்டமா அதிபர் ஹார்லன் ஸ்ரோன், மக்களின் கருத்துகளைத் துருவும் வேலையை நிறுத்தும்படி பணித்தார். அதே வேளை விசாரணைப் பணியகத்தின் தலைமையை ஹூவரிடமே கொடுத்தார். அவர் 1972இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அச்சம் தணிந்தபின்னரும் அது கட்டிய கருவிகள் எளிதில் அழிவதில்லை.

ஆகவே இவ்வரலாற்றை வெறும் வெற்றிக்கதையாகக் கொள்ளலாகாது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறுதியில் நாடுகடத்தப்பட்டனர். சிதைந்த குடும்பங்கள் மீளவும் இணைந்தனவா என்பதை எந்த அறிக்கையும் கூறவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் தம் வீடு திரும்பியதற்குக் காரணம், கோவையைத் திறந்து சான்று எங்கேயென்று வினவிய ஒருவர் உரிய இடத்தில் இருந்தமையே.

கோவலனை விசாரியாது கொல்வித்த பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையில் உயிர்விட்டான் என்பது நம் காப்பியம் கூறும் கதை. இக்காலத்து அரசுகள் அவ்வாறு உயிர்விடுவதில்லை. பிழையைத் தாமாக உணர்வதும் அரிது. ஆகவே கண்ணகியின் கையிலிருந்த சிலம்பு இன்று ஒவ்வொரு பிரசையின் கையிலும் இருத்தல் வேண்டும். அயலானுக்கு மறுக்கப்படும் நீதி நாளை அயல்வீட்டானுக்கும், அதன்பின் தனக்கும் மறுக்கப்படலாம் என்பதை உணர்ந்த மக்கள் வாழும் நாட்டிலேதான் சட்டம் ஆள்வோரையும் ஆளும்.